டபுள் மார்க்கரில் 1:92. அம்னியோ செய்துகொள்ளலாமா?

மல்லிச்செடி | செவ்வாய், இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், இன்றுதான் எழுதுகிறேன்.

வயது 36. ஊர் நாமக்கல் பக்கம். கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை தங்கவில்லை, ஒன்று எட்டாவது வாரம், இன்னொன்று பத்தாவது வாரம். இப்போது 13 வாரம் 1 நாள். இந்த முறையும் எட்டாவது வாரத்தில் ஸ்பாட்டிங் (லேசான ரத்தக்கசிவு) இருந்தது. அதிலிருந்து புரொஜெஸ்டரோன், ஈகோஸ்பிரின் என்று மருந்துகள், பாதி நாள் படுக்கை.

போன வாரம் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் தடிமனை அளப்பது). குழந்தை குப்புறக் கவிழ்ந்த மாதிரி இருந்ததால் என்னை வராண்டாவில் பத்து நிமிஷம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். மறுபடி பார்த்து, என்.டி. 2.2 மி.மீ., மூக்கு எலும்பு தெரிகிறது, நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்து ஆளுக்கு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டோம். அவ்வளவு நிம்மதி.

இன்று டபுள் மார்க்கர் ரத்த ரிப்போர்ட் வந்தது. அதில் பார்க்கும் இரண்டு அளவுகள், பாப்-ஏ 0.41, பீட்டா எச்.சி.ஜி. 2.1. கீழே சிவப்புக் கட்டத்தில் ட்ரைசோமி 21 (டவுன் சிண்ட்ரோம், 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது), 1:92, ஹை ரிஸ்க்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை, இல்லையென்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் அம்னியோ. "யோசிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். போடாமல் இருந்தால் மீதி ஆறு மாதம் தூங்குவேனா என்று தெரியவில்லை. மாமியார் குலதெய்வத்துக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, "ஒரு டெஸ்ட்டும் வேண்டாம்" என்கிறார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். எனக்கு அந்த "உன் இஷ்டம்"தான் எல்லாவற்றையும்விடக் கோபமாக வருகிறது.

இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

திருச்சிக்காரி | புதன், காலை 6:10

முதலில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள் மல்லி. எனக்கு 1:140 வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என்.ஐ.பி.டி. எடுத்தேன், லோ ரிஸ்க் வந்தது. பையனுக்கு இப்போது இரண்டு வயது, இதை டைப் செய்யும்போது என் சார்ஜரைக் கடித்துக்கொண்டிருக்கிறான். நான் கொடுத்தது 18,000 ரூபாய். இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

---

பழையசோறு | புதன், காலை 7:32

சகோதரி, இதெல்லாம் பயமுறுத்திக் காசு பிடுங்கும் வேலை. எங்கள் பாட்டி எந்த ஸ்கேனும் பார்க்காமல் பதினோரு பிள்ளை பெற்றார். என் மனைவிக்கும் இப்படித்தான் ஏதோ புள்ளி தெரிகிறது என்றார்கள், ஒன்றும் இல்லை. சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

---

உப்புக்காற்று | புதன், காலை 9:05

பழையசோறு அண்ணா, பதினொன்றில் எத்தனை பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டினார்கள் என்று பாட்டியிடம் கேட்டதுண்டா? என் பாட்டி ஒன்பது பெற்றார், நான்கு பேரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மல்லி, நான் அப்புறம் தனியாக எழுதுகிறேன். அலுவலகத்தில் இருக்கிறேன்.

---

ஸ்கேன்ரூம் | புதன், மதியம் 2:20

பதினான்கு வருடமாகக் கர்ப்பகால ஸ்கேன் மட்டுமே பார்க்கும் ஆள் நான். உங்கள் படங்களைப் பார்க்காததால் பொதுவாகச் சொல்கிறேன்.

1:92 என்றால் என்ன? உங்கள் ரிப்போர்ட்டைப் போலவே ரிப்போர்ட் வந்த 92 கர்ப்பிணிகளை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால், ஒருவர் வயிற்றில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை இருக்கும். மீதி 91 பேருக்கு இல்லை. அந்தச் சிவப்புக் கட்டம் எங்கிருந்து வருகிறது என்றால், பல ஆய்வகங்கள் 1:250 என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. 1:240 வந்தவருக்குச் சிவப்பு, 1:260 வந்தவருக்குப் பச்சை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒன்றுமே இல்லை, ஆனால் ஒருவர் பஜ்ஜி சாப்பிடுகிறார், இன்னொருவர் ராத்திரி 11:48க்கு இங்கே எழுதுகிறார். இன்னொன்று: எந்த டெஸ்ட்டும் எடுக்காமலேயே 36 வயதுக்கு இந்தக் கணக்கு 1:200க்கும் 1:300க்கும் நடுவில்தான் தொடங்கும். 25 வயதுப் பெண்ணுக்கு ஆயிரத்துக்கு ஒன்று சுமாருக்கு. உங்கள் ரத்த அளவுகள் அந்த எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கின்றன, அவ்வளவுதான்.

என்.ஐ.பி.டி. பற்றி ஒரு விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். தாயின் ரத்தத்தில் குழந்தை தரப்பு டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானியின் குழு 1997இல் காட்டியது. அது பரிசோதனையாக விற்பனைக்கு வந்தது 2011இல். அந்த டி.என்.ஏ. வருவது நஞ்சிலிருந்து (நஞ்சுக்கொடி, பிளாசென்டா), குழந்தையின் உடம்பிலிருந்து நேராக வருவதில்லை. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் நூற்றுக்கு 99 தடவை கண்டுபிடித்துவிடும். இருந்தாலும் இதுவும் சல்லடைதான். ஹை ரிஸ்க் வந்தால் அம்னியோ செய்து உறுதிப்படுத்தாமல் யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. லோ ரிஸ்க் வந்தால், ஸ்கேனும் நன்றாக இருந்தால், பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அம்னியோ 16 வாரம் ஆன பிறகு செய்வது வழக்கம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியில் 15 முதல் 20 மி.லி. நீர் எடுப்பார்கள். இதனால் கரு கலையும் அபாயம் நூற்றுக்கு ஒன்று என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைக்குக் கை பழகிய இடங்களில் அது 0.5 சதவீதத்துக்கும் கீழே. உங்கள் ரத்தம் நெகட்டிவ் குரூப்பாக இருந்தால் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். 'ஃபார்ம் ஜி' என்ற ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஆணா பெண்ணா என்பது நம் நாட்டில் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி, எங்களைக் கேட்கவும் வேண்டாம்.

கேட்க வேண்டியது வேறு. உங்கள் டாக்டர் ஜெனெடிக் கவுன்சலிங்குக்கு (மரபணு ஆலோசனைக்கு) எழுதிக் கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

---

கொல்லிமலைத்தேன் | புதன், இரவு 8:44

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் தாய்மாமா மகளைக் கட்டியவன். முதல் குழந்தைக்கு டபுள் மார்க்கர், ஸ்கேன் எல்லாமே பச்சை. பிறந்து மூன்றாவது மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை. கால் அசைவு குறைந்துகொண்டே வந்தது. எஸ்.எம்.ஏ. என்றார்கள், தசைகள் பலமிழந்துபோகும் பரம்பரை நோய். எட்டாவது மாதம் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் தெரிந்தது, நாங்கள் இரண்டு பேருமே கேரியர் (நோய் வராமலே அந்தக் கோளாறான ஜீனைச் சுமப்பவர்கள்), ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இந்த டவுன் சிண்ட்ரோம் டெஸ்ட்கள் எதிலும் அது வராது. அடுத்த கர்ப்பத்தில் 12ஆவது வாரமே நஞ்சிலிருந்து துளி எடுத்து (சி.வி.எஸ். என்பார்கள்) அந்த ஒரு ஜீனை மட்டும் பார்த்தோம். சொந்தத்தில் கட்டியவர்கள், வீட்டில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை இருப்பவர்கள், "எல்லா டெஸ்ட்டும் நார்மல்" என்ற வார்த்தையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

---

ஸ்கேன்ரூம் | புதன், இரவு 9:15

தேன் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். தலசீமியாவும் (ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) அதே கணக்குதான். ரத்தம் குறைவு என்று மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை போட்டும் ஏறாத பெண்களுக்கு எச்.பி.எல்.சி. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்தால் போதும். மல்லி, உங்களுடையது சொந்தத்தில் கல்யாணமா?

---

மல்லிச்செடி | புதன், இரவு 10:02

இல்லை, அந்நியம்தான். நாளைக்கு என்.ஐ.பி.டி.க்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். மாமியாரிடம் சத்துக் குறைவுக்கான டெஸ்ட் என்று சொல்லியிருக்கிறேன். தேன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

---

உப்புக்காற்று | வியாழன், அதிகாலை 1:17

எழுதுகிறேன் என்று சொன்னேன். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், 20ஆவது வார ஸ்கேனில் குழந்தையின் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று மடங்கி இறுகியிருந்தன, இதயத்தில் ஓட்டை. அம்னியோவில் ட்ரைசோமி 18 (18ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பது). பெரும்பாலும் வயிற்றிலேயே, இல்லையென்றால் பிறந்த சில நாட்களில் போய்விடும் என்றார்கள். 22 வாரத்தில் முடித்துக்கொண்டோம். ஊரில் தானாகக் கலைந்துவிட்டதாகச் சொன்னோம். என் அம்மாவுக்குக்கூட அதுதான் தெரியும்.

கருக்கலைப்புச் சட்டம் பற்றிக் குழப்பம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். 2021இல் திருத்தியதற்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20இலிருந்து 24 வாரம் வரை, இப்படிக் குழந்தைக்குக் கடுமையான பிரச்சினை இருந்தால், இரண்டு டாக்டர்கள். 24ஐத் தாண்டினால் மருத்துவக் குழு முடிவு செய்யும். கையெழுத்து பெண்ணுடையது மட்டும். வயது வந்தவளுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. என்னிடம் ஒரு இடத்தில் கேட்டார்கள், சட்டத்தைச் சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள்.

யாரும் சொல்லாதது ஒன்று. மூன்றாவது நாள் பால் கட்டியது. ஜாக்கெட் நனைந்த பிறகுதான் என்னவென்றே எனக்குப் புரிந்தது. அதை நிறுத்த மாத்திரை இருக்கிறது, கிளம்பும்போதே கேட்டு வாங்கியிருக்கலாம். இங்கே படிக்கும் யாருக்காவது அந்த நிலை வந்தால் அதையாவது முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பெரியகோவில்நிழல் | வியாழன், காலை 10:30

என் பையனுக்கு ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோம். இந்த மாதிரி இழைகளில் என்னைப் போன்றவர்கள் எழுதினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். மல்லி, நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் வரவில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு ஆள் வேண்டும் இல்லையா, அதற்காக.

பிறந்து மூன்றாம் நாள் இதயத்தில் கோளாறு என்றார்கள். இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. ஏழாவது மாதம் ஆபரேஷன். அந்த வருடம் முழுக்க எனக்கு நினைவே இல்லை. இப்போது காலையில் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்வேன் என்பான். ஐந்து பட்டன், எட்டு நிமிஷம். நான் உதவப் போனால் முதலிலிருந்து அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவான். அதனால் ஸ்கூல் வேனுக்கு எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். தெருவில் எல்லோர் பெயரும் தெரியும், ஐஸ் வண்டிக்காரர் இவனிடம் மட்டும்தான் சில்லறை கேட்க மாட்டார். கோபம் வந்தால் தரையில் படுத்துவிடுவான், கடைவீதி என்றும் பார்க்க மாட்டான். இருபத்தெட்டு கிலோவைத் தூக்க என் முதுகு ஒத்துக்கொள்வதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள். மாற்றுத்திறனாளி அட்டை, நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு (வருடம் ஒரு லட்சம் வரை) எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான் நடந்த நடையை மைலில்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? நேற்று ராத்திரியும் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை, அவன் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

எனக்கு வயது 24 அப்போது. எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. சின்ன வயது, தேவையில்லை என்றார்கள்.

---

பழையசோறு | வியாழன், மதியம் 12:11

நான் நேற்றுக் காலையில் எழுதியது கொஞ்சம் அவசரம்தான். பாட்டி விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். ஏழு பேர்.

---

மல்லிச்செடி | பத்து நாள் கழித்து, சனி மாலை 5:40

என்.ஐ.பி.டி. ரிப்போர்ட் வந்தது. ஹை ரிஸ்க்கும் இல்லை, லோ ரிஸ்க்கும் இல்லை. "நோ ரிசல்ட்." ஃபீட்டல் ஃப்ராக்‌ஷன் 2.9 என்று போட்டிருக்கிறது. போனில் பேசிய பெண், "இலவசமாக மறுபடி எடுத்துத் தருகிறோம் மேடம், இன்னும் பத்து நாள் ஆகும்" என்கிறார். இப்போது 15 வாரம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

---

ஸ்கேன்ரூம் | சனி, இரவு 7:25

குழந்தை தரப்பு டி.என்.ஏ. உங்கள் ரத்தத்தில் குறைந்தது 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பல ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன. உடல் எடை அதிகமாக இருந்தால் உங்கள் டி.என்.ஏ.தான் அதிகம் மிதக்கும், விகிதம் குறையும். பெரும்பாலும் காரணம் இதுதான். சில குரோமோசோம் கோளாறுகளில் நஞ்சு சிறிதாக இருப்பதாலும் குறையலாம். அதனால் இதை நல்ல சேதி என்றும் எடுக்க முடியாது, கெட்ட சேதி என்றும் எடுக்க முடியாது. மறுபடி எடுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதியில்லை. உங்கள் 1:92 அப்படியே நிற்கிறது. என் அபிப்பிராயம், இந்தக் கட்டத்தில் இன்னொரு பத்து நாளை இதில் செலவழிக்க மாட்டேன். ஆனால் வயிறு உங்களுடையது.

---

மல்லிச்செடி | சனி, இரவு 7:31

எடை 86. புரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் கவுன்சலிங்குக்கு நேரம் வாங்கியாயிற்று.

---

திருச்சிக்காரி | சனி, இரவு 9:50

எனக்கு ஈஸியாக முடிந்ததால் உங்களுக்கும் ஈஸியாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. போய் வாருங்கள், காத்திருக்கிறோம்.

---

மல்லிச்செடி | பன்னிரண்டு நாள் கழித்து, வியாழன் இரவு 10:15

நீளமாக எழுதப் போகிறேன்.

கவுன்சலர் அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு வீட்டுத் தரப்பிலும் மூன்று தலைமுறைக்கு வட்டமும் கட்டமுமாக ஒரு மரம் வரைந்தார். அப்புறம் பிரிஸ்கிரிப்ஷன் தாளை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். "டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியாக வந்தால் என்ன செய்வீங்க? ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பார்க்காம எழுதுங்க. தெரியலைன்னாலும் தெரியலைன்னே எழுதுங்க."

"உன் இஷ்டம்" என்று எழுதுவார், அங்கேயே சண்டை போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது, "தொடர மாட்டேன்." அவர் எழுதியது, "நம்ம குழந்தைதானே, பெத்துக்கலாம்."

கவுன்சலர் இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரர்தான் பேசினார். அவருடைய சித்தப்பா ஒருவர் பேச்சு வராதவராம், வீட்டோடு இருந்தாராம். அவர் தோளில் உட்கார்ந்துதான் இவர் தேரும் திருவிழாவும் பார்த்தாராம். அந்த மரத்தில் அந்தச் சித்தப்பாவுக்கு ஒரு கட்டம் வரையப்பட்டபோதுதான் அப்படி ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியும். எட்டு வருடம்! நான் சொன்னது, சித்தப்பாவுக்கு உங்கள் ஆத்தா இருந்தார்கள், நம் குழந்தைக்கு இருபது வயதாகும்போது எனக்கு 56, அதற்கு மேல் யார் என்று. இரண்டு பேரும் சொன்னதில் தப்பு இருப்பதாக யாராலும் சொல்ல முடியவில்லை.

"அப்போ இந்த டெஸ்ட் வேணுமா?" என்று கவுன்சலர் கேட்டார். நான் வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். ஃபார்ம் ஜியில் என் கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது, ஆனாலும் அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

16 வாரம் ஆனதும் அம்னியோ. பயப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். வயிற்றில் பழுப்பு மருந்து தடவிப் பச்சைத் துணி போர்த்தினார்கள். மரத்துப்போக ஊசி போடவில்லை. முதலில் சுருக்கென்று குத்தியது, அப்புறம் உள்ளே யாரோ பிடித்து முறுக்கிய மாதிரி ஒரு இறுக்கம், மாதவிலக்கின் முதல் நாள் போல. முதல் இரண்டு மி.லி.யை எடுத்துத் தனியாகக் கொட்டிவிட்டார்கள், அதில் என் ரத்த அணுக்கள் கலந்திருக்கலாமாம். அப்புறம் இன்னொரு சிரிஞ்ச். நீர் இளம் மஞ்சளாகத் தெளிவாக இருந்தது. இரண்டு நிமிஷம்கூட இல்லை. திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. குழந்தை எதிர் மூலையில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. அரை மணி நேரம் படுக்க வைத்து, இதயத் துடிப்பைக் காட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் பளு தூக்கவில்லை. காய்ச்சல், நீர்க்கசிவு, ரத்தம் எது வந்தாலும் உடனே வரச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது நாள் அவசர ரிப்போர்ட். 13, 18, 21 குரோமோசோம்கள் மூன்றும் இரண்டிரண்டுதான். நார்மல். முழு ரிப்போர்ட் வர இன்னும் இரண்டு வாரம்.

பெரியகோவில்நிழல் அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அந்தச் சீட்டை எழுதினேன். படித்த பிறகும் அப்படித்தான் எழுதினேன். அதை உங்களிடம் மறைக்க மனமில்லை.

---

உப்புக்காற்று | வியாழன், இரவு 10:40

நார்மல் என்ற வார்த்தையை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நல்லா இருங்க மல்லி.

---

பெரியகோவில்நிழல் | வெள்ளி, காலை 11:05

மறைக்காமல் சொன்னதே போதும் தங்கச்சி. எனக்கு யாரும் சீட்டு கொடுக்கவில்லை. 24 வயதில் கொடுத்திருந்தால் நானும் நீங்கள் எழுதியதைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். இன்றைக்குக் கொடுத்தால் எழுத மாட்டேன். அவனைத் தெரிந்த பிறகு எழுதுவது வேறு பரீட்சை.

---

கொல்லிமலைத்தேன் | வெள்ளி, மதியம் 1:30

மாமியார்?

---

மல்லிச்செடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:20

மாமியாருக்கு இன்னும் சத்து டெஸ்ட்தான் தெரியும், தேன் அண்ணா. மஞ்சத்துணி பலித்துவிட்டது என்று இருக்கிறார், இருக்கட்டும்.

முழு ரிப்போர்ட்டும் நார்மல். குரோமோசோம் 46. ஆண், பெண் என்று காட்டும் இடத்தை மறைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு ரிப்போர்ட் வந்ததும் அவர் லட்டு வாங்கி வந்தார், கடைக்கும் கொடுத்தார். இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம், பெயர்கூடத் தேடுகிறோம். அந்தச் சீட்டுகளைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. கவுன்சலர் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபைலில் என்.டி. ஸ்கேன் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன, இரண்டும் ஒன்றாகப் பின் அடித்து. பின் அடித்தது நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது). ஃபைலை எப்போதும் அவர்தான் எடுத்து வருவார்.